முறுக்குவதும் திரிப்பதும் திருகுவதும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'அவர் என் வார்த்தைகளை முறுக்கிவிட்டார்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் கண்ட தொடரைச் சுட்டி, அது தமிழாகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே சென்றுவிட்டேன். காரணம் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொன்னது என் பிழை. அந்த ஒரு வரியைக் குறித்தே பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் முறுக்குதல் என்னும் வினைக்கும் அதன் உறவுச் சொற்களுக்கும் ஒதுக்குகிறேன்.

கேள்வி: மீசையை முறுக்கலாம், துணியை முறுக்கலாம், கையை முறுக்கலாம் என்றால் வார்த்தையை மட்டும் ஏன் முறுக்கக் கூடாது? புதிய உருவகம் செய்வது எழுதுபவரின் உரிமை அல்லவா?
— மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வினைச்சொல் தன் நேர்ப்பொருளிலிருந்து உருவகத்துக்குப் போகும்போது, அந்த வேலையைச் செய்த கையின் அசைவையும் உடன் எடுத்துக்கொண்டு போகிறது. தமிழில் இந்த அசைவுக்கு ஒரு சொல் அல்ல, குறைந்தது மூன்று சொற்கள் இருக்கின்றன. முறுக்கு, திரி, திருகு என்னும் மூன்றையும் அகராதியில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருளாகவே எழுதியிருக்கும். கைக்குத்தான் வேறுபாடு தெரியும்.

ஆற்றில் துவைத்த கனத்த ஜமுக்காளத்தை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் சுழற்றுவதை நினைத்துப் பாருங்கள். துணி சுருண்டு, இறுகி, வடம் போலாகி, தண்ணீரைக் கக்குகிறது. ஒருவர் தம் முனையை விட்டுவிட்டால் போதும், அது தானாகச் சுழன்று தளர்ந்து மறுபடியும் ஜமுக்காளமாகிவிடும். இதுதான் முறுக்குதல். பொருள் அதே பொருளாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குள் ஓர் இறுக்கம் ஏறி, எப்போது விடுபடுவோம் என்று காத்திருக்கிறது.

கார்த்திகைக்கு முன்னால் பழைய வேட்டியின் கிழிசலைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டும் மூதாட்டியின் கையைப் பாருங்கள். அவர் கையிலிருந்து கீழே விழுவது இனித் துணி அல்ல, விளக்குத் திரி. பஞ்சு நூலாவதும் நார் கயிறாவதும் இப்படித்தான். ஒன்றை உருட்டி வேறொன்றாக ஆக்குவது திரித்தல். திருகுதல் இவ்விரண்டிலிருந்தும் விலகியது. குழாயைத் திருகுகிறோம், சாவியைத் திருகுகிறோம், தோட்டின் திருகாணியைத் திருகுகிறோம், இளநீர்க் காயைக் காம்பிலிருந்து திருகிப் பறிக்கிறோம். இங்கே பொருளின் உடலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது முழுதாகத் தன் அச்சில் திரும்புகிறது, அவ்வளவுதான். வீணை வாசிப்பவர் சுருதி சேர்க்கும்போது, தந்தி சுற்றியிருக்கும் முளையான பிரடையைத் திருகுகிறார், தந்தி முறுக்கேறுகிறது. ஒரே நொடியில் நடக்கும் ஒரே செயலில் இரண்டு வினைகளும் தத்தம் இடத்தில் நிற்பதை இங்கே காணலாம்.

இனி உருவகத்துக்கு வருவோம். ஒருவர் பேசியதை மற்றொருவர் மாற்றிச் சொல்லும்போது, அந்தப் பேச்சு முதலில் இருந்த பேச்சாக இருப்பதில்லை. அது வேறொன்றாகிவிட்டது. ஆகவே அங்கே வரவேண்டிய வினை திரித்தல்தான். சொல்லைத் திரித்தார், செய்தியைத் திரித்தார், வரலாற்றைத் திரித்தார் என்பதே வழக்கு. திரி என்னும் வேருக்கு இந்த 'இயல்பு மாறுதல்' என்னும் பொருள் நேற்று வந்ததும் அல்ல. 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்கிறது 452ஆம் குறள். செம்மண்ணில் விழுந்த நீர் செந்நிறமும் உவர்மண்ணில் விழுந்த நீர் உவர்ப்பும் கொள்வது போல, சேர்ந்த இனத்தின் இயல்பு மனிதரின் அறிவுக்கு வந்துவிடும் என்பது கருத்து. விருந்தினரை 'முகந்திரிந்து நோக்க'ப் பொறாமல் அவர்கள் வாடிப்போவார்கள் என்று 90ஆம் குறள் சொல்வதும் இதே வினைதான். முகம் அங்கே முறுகவில்லை, மலர்ந்திருக்க வேண்டிய முகம் வேறு முகமாகிவிட்டது. நன்னூல் 'தோன்றல் திரிதல் கெடுதல்' என்று புணர்ச்சி விகாரத்தை மூன்றாக வகுக்கும்போது, பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைத் திரிதல் என்கிறது, ஏனென்றால் ஓர் எழுத்து போய் அதன் இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது. அடுப்பில் பால் திரிந்துபோனால் அதை மறுபடியும் பாலாக்க முடிவதில்லை. 2021ஆம் ஆண்டில் கொரோனா கிருமி புதுப்புது வடிவங்கள் எடுத்தபோது 'டெல்டா திரிபு', 'ஒமிக்ரான் திரிபு' என்று செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். யார் முதலில் அந்தச் சொல்லைப் போட்டாரோ, அவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

முறுக்குதல் உருவகமாகும்போது போகும் திசையே வேறு. அது எப்போதும் உள்ளே ஏறி நிற்கும் இறுக்கத்தையே குறிக்கும். 'அண்ணன் தம்பி இருவரும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்' என்றால் பேச்சு நின்றிருக்கிறது, உறவு இன்னும் அறவில்லை. ஒருவர் முதலில் பேசினால் முறுக்குத் தளர்ந்துவிடும். 'அவனை முறுக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்' என்றால் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். சாவி கொடுத்த பொம்மையைப் போல அவன் இனித் தானாக ஓடுவான். இளமை முறுக்கு, முறுக்கேறிய தோள், மீசை முறுக்கு என எதை எடுத்தாலும் பொருள் மாறவில்லை, விசை ஏறியிருக்கிறது. மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டரை இளைஞர்கள் 'முறுக்குகிறார்கள்' என்பதையும் கவனியுங்கள். கையை எடுத்ததும் அந்தப் பிடி சுருள்வில்லின் இழுப்பில் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. குழாய் அப்படித் திரும்புவதில்லை, அது திருகிய இடத்திலேயே நிற்கிறது. இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே புதிய இயந்திரத்துக்குச் சரியான பழைய வினையை மக்கள் எடுத்துப் பொருத்திக்கொண்டதைக் காண எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எனவே 'என் வார்த்தைகளை முறுக்கினார்' என்று படிக்கும் தமிழ்க் காதுக்கு, வார்த்தைகள் வேறாகிவிட்டன என்று படுவதில்லை. வார்த்தைகளுக்கு விறைப்பு ஏற்றினார் என்றே ஏதோ ஒன்று தோன்றுகிறது. உங்கள் ஆங்கில மூலநூலில் 'ட்விஸ்ட்' (twist) என்று ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இடத்துக்கு இடம் பிரிந்துவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். கதையில் எதிர்பாராமல் வருவது திருப்பம். படி தவறிக் காலுக்கு நேர்வது சுளுக்கு அல்லது பிசகு. மலைப்பாதை வளைந்து நெளிந்து போகும். ஒருவரை நெருக்கிக் காரியம் சாதிப்பதைக் 'கையை முறுக்கி' என்று இப்போது எழுதுகிறார்கள், அது பொருள் தருகிறது, ஏனென்றால் வலியும் இறுக்கமும் அங்கே உண்மையிலேயே இருக்கின்றன. என்றாலும் 'கழுத்தில் துண்டைப் போட்டு' என்று ஒரு நல்ல தொடர் நம்மிடம் இருக்கும்போது அதை மறந்துவிட வேண்டாம்.

இந்தப் பிரிவு கோடு போட்டாற்போல் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆசிரியர் காதைத் திருகினார் என்பாரும் முறுக்கினார் என்பாரும் உண்டு. பேச்சில் சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று உட்காரும். ஆனால் உருவகத்தில் அப்படி மாறி உட்காருவது மிகவும் அரிது.

கேள்வி: எங்கள் செய்தித்தாள்களில் 'இரு தரப்பினருக்கும் இடையில் முறுகல் நிலை' என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். தமிழகத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, முறுகல் என்றால் தோசை அல்லவா என்று கேட்டார். எது சரி?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் சரி. இரண்டும் ஒரே சொல்லும் கூட.

முறுகு என்பது தன்வினை, முறுக்கு என்பது அதன் பிறவினை. பெருகு, பெருக்கு, உருகு, உருக்கு, இறுகு, இறுக்கு என்னும் வரிசையில் இதுவும் ஒன்று. முறுகுதல் என்றால் தானாக இறுகிக் கடினமாதல். அந்த இறுக்கம் சுழற்றுவதால் வரலாம், இழுப்பதால் வரலாம், வெப்பத்தாலும் வரலாம். வெல்லப்பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் சற்றே கவனம் தவறினால் 'பாகு முறுகிவிட்டது' என்கிறார். கல்லில் தோசையின் ஓரம் முறுகுகிறது. உங்கள் ஊர்ச் செய்தியாளர் எழுதும் முறுகலில் சூடேறுவது மனித உறவு. பாகைப் போலவே அதுவும் இளகிய நிலையிலிருந்து சிறிது சிறிதாக இறுகி, திரும்பிப் போக முடியாத ஒரு பதத்தை நெருங்குகிறது.

தமிழகத்துப் பத்திரிகைகள் இதற்குப் பதற்றம் என்றும் உரசல் என்றும் மனக்கசப்பு என்றும் எழுதுகின்றன. பதற்றம் என்பது பார்ப்பவரின் மனநிலை, உரசல் என்பது நேர்ந்துவிட்ட ஒரு சிறு மோதல், மனக்கசப்பு என்பது ஏற்கெனவே நடந்ததன் எச்சம். இன்னும் மோதல் நிகழவில்லை, ஆனால் இரு பக்கமும் இறுகிக்கொண்டே போகிறது என்னும் அந்த இடைநிலையைச் சொல்ல முறுகல் அளவுக்குப் பொருத்தமான சொல் தமிழகத்தில் இப்போது புழக்கத்தில் இல்லை. அந்தச் சொல்லை நாங்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம். முறிவு ஏற்படுவதற்கு முந்தைய நிலையைக் குறிக்கும் சொல், முறிவு என்னும் சொல்லுக்கு ஒலியிலும் இவ்வளவு அருகில் அமைந்திருப்பது எழுதுபவர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

உங்கள் நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். முறுகுதல் என்றாலே கெட்டது என்று இல்லை. அப்பர் தம் ஐந்தாம் திருமுறைப் பாடல் ஒன்றில், விறகில் தீயும் பாலில் நெய்யும் போல மறைந்திருக்கும் இறைவனை எப்படிக் காண்பது என்று சொல்கிறார்: 'உறவுகோல் நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்னிற்குமே.' உறவு என்னும் மத்தை நட்டு, உணர்வு என்னும் கயிற்றைச் சுற்றி, முறுக இழுத்துக் கடையவேண்டும். கயிறு தொளதொளவென்று கிடந்தால் மத்து சுழலாது, வெண்ணெய் திரளாது. தயிர் கடைந்த கை அறிந்த அந்த ஒரு சொல்லை அவர் அப்படியே பக்திக்குள் கொண்டுவந்துவிட்டார். இந்த அடியை நான் எத்தனை முறை படித்தாலும் 'முறுக' என்னும் இடத்தில் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன.

கேள்வி: முறுக்கு என்னும் பலகாரத்துக்கு அந்தப் பெயர் முறுக்குவதால் வந்ததா, முறுமுறுவென்று கடிபடுவதால் வந்ததா? கட்டட வேலையில் 'முறுக்குக் கம்பி' என்கிறார்களே, அதுவும் இந்த முறுக்குதானா?
— வாசகி, திருச்சி

பதில்: கடைகளில் அச்சில் பிழிந்த முறுக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஐயம் வருவது இயல்பு. உரலில் மாவை அடைத்துப் பிழியும்போது எங்கேயும் எதையும் முறுக்குவதில்லை, நேராக இறங்கும் மாவை வட்டமாகச் சுற்றுகிறோம், அவ்வளவுதான். பெயரின் காரணத்தை அறிய, கைமுறுக்குச் சுற்றுபவரின் பக்கத்தில் அமர்ந்து பார்க்கவேண்டும்.

சிறு வயதில் எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு முறுக்குச் சுற்ற வரும் ஓர் அம்மையாரின் அருகில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். பச்சரிசி மாவும் வறுத்தரைத்த உளுத்தம் மாவும் வெண்ணெயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியின்மேல் ஒரு புள்ளியாக வைப்பார். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை இழையாக இழுத்துக்கொண்டே, ஒவ்வோர் இழுப்புக்கும் விரல்களைச் சிறிது உருட்டி ஒரு முறுக்குக் கொடுத்து, அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டமிடுவார். இழை முழுவதும் கயிற்றின் புரி போல வரி வரியாக விழும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, சீர்முறுக்கென்றால் அதற்கும் மேல். விரல் சற்றே அதிகமாக உருட்டினால் மாவு அறும், குறைத்து உருட்டினால் வரி விழாது. 'முறுக்கு விழணும், அறக் கூடாது' என்பார். அந்த வரிதான் பெயர்க்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணெயில் வெந்து முறுகுவதும் அதே வேரிலிருந்து வருவதால் இரண்டு பொருளும் ஒரு பண்டத்தில் சந்தித்துக்கொண்டன என்று வேண்டுமானால் சொல்லலாம். பின்னர் அச்சு வந்து, முறுக்கும் வேலை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. உங்கள் மாவட்டத்து மணப்பாறை முறுக்குக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

முறுக்குக் கம்பியின் கதையும் இதேதான் என்பதை அறிந்தபோது நான் வியந்துபோனேன். முற்காலத்தில் கான்கிரீட்டுக்குள் வழவழப்பான மென்னெஃகுக் கம்பியையே போட்டார்கள். பிறகு கம்பியைச் சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே இரு முனையையும் பிடித்து உண்மையாகவே முறுக்கி விற்கத் தொடங்கினார்கள். அப்படி முறுக்கும்போது எஃகின் உள்ளமைப்பு இறுகி, கம்பி மீளாமல் நீளத் தொடங்குவதற்கு முன் தாங்கும் இழுவிசை கூடுகிறது. மென்கம்பிக்கு 250 மெகாபாஸ்கல் என்று வைத்திருந்த தர அளவு, முறுக்கிய கம்பிக்கு 415 ஆயிற்று. முறுக்கேறினால் வலிமை கூடும் என்று தோளைப் பார்த்துச் சொல்லிவந்த மொழிக்கு, இரும்பும் சாட்சி சொன்னது. இன்று கிடைக்கும் டி.எம்.டி. கம்பியை யாரும் முறுக்குவதில்லை. உருட்டாலையிலிருந்து செக்கச்செவேலென்று வெளிவரும் கம்பியின் மேற்புறத்தை நீரால் திடீரெனக் குளிரவைத்து வலிமை ஏற்றுகிறார்கள். மேலே தெரியும் வரிகள் சிமெண்டுக் கலவை பற்றிக்கொள்வதற்காக உருளையில் அச்சிட்டவை. ஆயினும் கொத்தனார் வாயில் அது முறுக்குக் கம்பிதான். அச்சில் பிழிந்ததும் முறுக்கு, அச்சில் வரிபோட்டதும் முறுக்கு. கை செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும் கையின் பெயரையே மொழி காப்பாற்றி வைத்திருக்கிறது.

கேள்வி: திரிகடுகம், திரிபலா, திரிசூலம் ஆகியவற்றில் உள்ள திரியும் இந்தத் திரியும் ஒன்றா?
— மாணவி, விழுப்புரம்

பதில்: இல்லை. அவை மூன்று என்னும் பொருளுடைய வடசொல். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஆனால் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியம் வகுப்பதில் உள்ள திரிசொல் நம் திரிதான்.

கேள்வி: கயிறு திரிப்பது கை நோகச் செய்யும் நேர்மையான தொழில். என் தந்தையும் பாட்டனாரும் அதைச் செய்தவர்கள். பொய் சொல்பவனைப் பார்த்து 'கயிறு திரிக்கிறான்' என்று சொல்வதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது. எப்படி வந்தது இந்த வழக்கு?
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த வழக்கு அந்தத் தொழிலை இழிவாகக் கருதியதால் வந்ததன்று, அதன் திறமையைக் கண்டு வியந்ததால் வந்தது என்றே நான் கருதுகிறேன். என் எண்ணத்துக்குக் காரணம், அந்தத் தொழிலின் உள்ளே இருக்கும் சூட்சுமம்தான். உங்களுக்குத் தெரிந்ததையே மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும் நார், பொள்ளாச்சிப் பக்கத்தில் மஞ்சி என்றும் உங்கள் பக்கத்தில் தும்பு என்றும் சொல்வது, ஒரு சாண் இருக்கும், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். கிணற்றுக் கயிறோ எண்பது முழம். ஒரு சாண் நாரிலிருந்து எண்பது முழக் கயிறு எப்படி வருகிறது? முடிச்சு இல்லை, பசை இல்லை. இடுப்பில் கட்டிய தும்பிலிருந்து சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஒருவர் பின்னோக்கி நடக்க, ராட்டைச் சுற்றுபவர் அதற்கு முறுக்கு ஏற்றுகிறார். ஒரு நார் முடியுமுன் அடுத்த நார் அதன் உடம்பிலேயே புகுந்துகொள்கிறது. முறுக்கு ஏற ஏற நார்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. இப்படி ஒரே திசையில் முறுக்கிய இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் திரிக்கும்போது, ஒவ்வோர் இழையும் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கிறது. அந்தத் தளர்ச்சியே மற்றதோடு அதை இன்னும் இறுகப் பிணைத்துவிடுகிறது. ஆகவே கயிறு தானாகப் பிரிவதில்லை. முறுக்குதல் என்பது திரித்தலுக்குள் ஒளிந்திருந்து வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனிப் பொய்யைப் பாருங்கள். தேர்ந்த பொய்யர் முழுப்பொய் சொல்வதில்லை. ஒரு சாண் உண்மையை எடுத்து, அது முடியுமுன் இன்னொரு சாணை நுழைத்து, இழுத்தாலும் அறாத ஒரு கதையை எண்பது முழத்துக்குக் கொண்டுபோகிறார். எந்த இடத்தில் எது முடிந்து எது தொடங்கியது என்று கேட்பவரால் கண்டுபிடிக்க இயலாது. இதைச் சொல்ல உங்கள் பாட்டனாரின் தொழிலைத் தவிர வேறு உவமை கிடைக்கவில்லை. 'வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன்' என்று வீண்பெருமை பேசுபவரைப் பற்றிய தொடரிலும் தொழில் அறிவு இருக்கிறது. மணலுக்கு நீளம் இல்லை, ஒன்றின் உடம்பில் மற்றொன்று புகுந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் அது முடியாத காரியத்துக்கு உவமையாயிற்று.

உங்கள் மாவட்டத்தில் வெற்றிலைபாக்கு விற்கும் கடையை முறுக்கான் கடை என்பார்களே, அதைப் பற்றியும் ஒரு வரி. மலையாளத்தில் முறுக்குதல் என்னும் வினைக்கு இறுக்குதல் என்பதோடு வெற்றிலை மெல்லுதல் என்னும் பொருளும் உண்டு. எல்லையோரத் தமிழிலும் அது வழங்குகிறது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைப் பலகையில் 'முருக்கு' என்று எழுதியிருக்கிறது. றகரம் இப்படிப் போனால் என்ன கெட்டுவிடும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை

பதில்: பலகாரம் மரமாகிவிடும். முருக்கு என்பது செந்நிறப் பூப் பூக்கும் மரம். 'செம்பூ முருக்கின் நன்னார் களைந்து' என்று குறுந்தொகையின் 156ஆம் பாட்டில், அந்தணச் சிறுவன் கையில் பிடித்த தண்டாக அது வருகிறது. வினையாகக் கொண்டால் முருக்குதல் அழித்தல் ஆகும். கடைக்காரரிடம் அன்போடு சொல்லுங்கள், திருத்திக்கொள்வார்.

கேள்வி: 'மாப்பிள்ளை முறுக்கு' என்பதை விளக்க வேண்டும். அது நகைச்சுவைச் சொல்லா, வசவா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: புது மருமகன் மாமனார் வீட்டில் காட்டும் பிகுவுக்குப் பெயர் மாப்பிள்ளை முறுக்கு. பந்தியில் வேண்டியவர்கள் வந்து அழைக்காவிட்டால் உட்காரமாட்டார், தலைதீபாவளிக்குக் கொடுத்த வேட்டியின் கரை பிடிக்கவில்லை என்று வாய்திறக்காமல் இருப்பார். சீர்த்தட்டில் பெரிய முறுக்கும் இருப்பதால் சொல் இருபொருள் பட்டு வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது. இங்கே விறைப்பு என்று சொல்லாமல் முறுக்கு என்று சொல்வதில் நுட்பம் இருக்கிறது. கோலின் விறைப்பு அதன் இயல்பு, கயிற்றின் முறுக்கு ஏற்றிவிட்டது. ஏற்றியது இறங்கும் என்னும் நம்பிக்கையோடுதான் பெண்வீட்டார் அந்தச் சொல்லை வழங்கினார்கள்.

நகைச்சுவையா வசவா என்று கேட்டிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த முறுக்கை இறக்க ஒரு குடும்பம் கடன் வாங்கி வண்டியோ நகையோ வாங்கிக் கொடுத்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வேட்டிக் கரைக்கு முகம் தூக்குவதற்கும் வரதட்சிணைக்கு நெருக்குவதற்கும் ஒரே சொல்லை வழங்குவது, கொடுமையைச் செல்லப் பெயரால் அழைப்பதாகும். முன்னதற்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பின்னதை அதன் உண்மைப் பெயராலேயே சொல்லுங்கள்.

கேள்வி: புரி என்னும் சொல்லுக்கும் முறுக்கு என்றே பொருள் என்கிறார்கள். 'எனக்குப் புரிகிறது' என்பதில் முறுக்கு எங்கே இருக்கிறது?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே அந்தப் பழம்பொருள் உயிரோடு இருக்கிறது. அறுவடை முடிந்த களத்தில் வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாக விட்டு முறுக்கும் கயிறு வைக்கோற்புரி. பேச்சில் அது 'பிரி' ஆகிவிட்டது. பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் வளையம் புரிமணை, அதையும் பிரிமணை என்பார்கள். மூன்று புரி சேர்ந்தது முப்புரி நூல். வலப்பக்கமாகச் சுழிந்த சங்கு வலம்புரி. இத்தனையிலும் சுழற்சி கண்ணுக்குத் தெரிகிறது. செய்தல், விரும்புதல், விளங்குதல் ஆகிய பொருள்களும் அதே ஒலியில் வழங்குகின்றன. மனம் ஒன்றின்மேல் திரும்பிச் சுற்றிக்கொள்வதே விருப்பமாகவும் விளக்கமாகவும் ஆயிற்று என்று கொள்ள இடமுண்டு. இது என் எண்ணமே தவிர, முடிந்த முடிபு அன்று.

புரி என்னும் சொல்லை அதன் முழு வலிமையோடு பார்க்க வேண்டுமானால் நற்றிணையின் 284ஆம் பாட்டைப் படியுங்கள். பொருள் தேடப் போன ஒருவன் பாதி வழியில் நிற்கிறான். அவளிடம் திரும்பிப் போகலாம் என்கிறது நெஞ்சம். எடுத்த வினையை முடிக்காமல் திரும்புவது அறியாமையும் இகழ்ச்சியும் ஆகும் என்கிறது அறிவு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தன் உடம்பைப் பற்றி அவன் சொல்கிறான்: ஒளிரும் கொம்புகளை உடைய யானைகள் இரண்டு எதிரெதிராகப் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' போல அழிந்துவிடுமோ வருந்திய என் உடம்பு! புதுக்கயிறு என்றால் முறுக்குத் தாங்கும். பலநாள் இழுபட்டு, புரிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, நார் நாரைப் பிடிக்கும் வலு குறைந்துபோன பழங்கயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? கயிறு இன்னும் அறவில்லை, அறப்போகும் நொடிக்கு முன்னால் பாட்டு நின்றுவிடுகிறது. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர் முறுக்கிக் கொடுத்த அந்தத் தொடரையே பெயராக்கி, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று எழுதி வைத்தார்கள்.